அடிக்காத சுவர்

செந்தூலில் மழை விட்ட ஏழு மணி.
கார் நிறுத்துமிடத்தில் ஒரே ஒரு விளக்கை விட்டு
மற்றதெல்லாம் அணைத்திருந்தார்கள்.
யார் சொல்லி என்று கேட்டேன்.
நேபாளக் காவலாளி மோவாயால் காட்டினான்.

விளக்கின் கீழே நீல பேசின், பாதிக்குத் தண்ணீர்.
இந்தப் பக்கம் மாதையன்,
வாழையிலைக் கடையில் மங்கு கழுவுகிறவன்,
ஊர் மேட்டூருக்கு மேற்கே.
அந்தப் பக்கம் சுகியெம், படிக்கட்டு துடைக்கிறவள்,
ஜாவாவில் ஏதோ சுண்ணாம்புப் பாறைச் சீமை.
அவன் ஈசல் என்கிறான். அவள் லாரோன் என்கிறாள்.
விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை.
பேசின் மட்டும் பொது.

நான் இந்தக் கட்டடத்துக்குக்
கறையான் கொல்ல வருகிறவன்.
பதினோரு வருடம்.
சுவரோரம் துளை, துளைக்கு ஐந்து லிட்டர்,
மேலே சிமெண்டு.
மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தே
எவ்வளவு தின்றிருக்கும் என்று சொல்லிவிடுவேன்.
தின்றதைத் தின்னலாம் என்பது
என் பயிற்சித் தாளில் இல்லை.

"சீக்கிரம் பிடிக்கணும்ணே" என்றான் மாதையன்.
"விட்டா சிறகை உதுத்துட்டு
சோடி சேந்து மண்ணுக்குள்ள போயிடும்.
போயிட்டா அது ஈசல் இல்ல,
உங்களுக்கு வேலை."

சுகியெம் ஒன்றை விரலிடுக்கில் நசுக்கிக் காட்டினாள்.
நகம் பளபளத்தது.
எண்ணெய் ஊற்றவே வேண்டாமாம்.

அப்போதுதான் அவை வரும் திசையைப் பார்த்தேன்.
பி பிளாக், பின்சுவர்.
திங்கட்கிழமை நான் துளை போட்ட சுவர்.

ஜாங்கான் மாக்கான், என்றேன்.
ஏனென்று கேட்கவில்லை.
என் சட்டைப்பையில் தைத்திருந்த கம்பெனிப் பெயரை
எழுத்துக் கூட்டிப் படித்தாள் சுகியெம்.
பேசினைச் சாக்கடைப் பக்கம் தூக்கினாள்.
"அங்க கொட்டாத, மைனா தின்னும்"
என்று தமிழிலேயே கத்தினான் மாதையன்.
அவளுக்குப் புரிந்தது.
வடிகட்டிப் பையில் கட்டினார்கள், மூன்று முடிச்சு.

பிறகு அவன் என் நோட்டைப் பார்த்தான்.
"அப்ப எந்தச் சுவத்துக்கு அடிக்கல?"

எங்கே அடித்தாய் என்பார்கள்.
எத்தனை மாதம் தாங்கும், விலையில் எவ்வளவு குறைப்பாய்.
இப்படி ஒருவரும் கேட்டதில்லை.
பக்கம் புரட்டினேன்.
சி பிளாக், குப்பை அறைக்குப் பின்னால்,
வெட்டிப் போட்ட அங்சானா மரத்தின் அடிக்கட்டை.
வியாழக்கிழமைக்கு எழுதி வைத்தது.

காவலாளி நீள ஒயர் இழுத்து வந்தான்.
பேசினை இரண்டு முறை கழுவினார்கள்,
என்னைத் தொட விடாமல்.
விளக்கு எரிந்ததும்
மரக்கட்டையின் விரிசல் புகைகிற மாதிரி இருந்தது.
புகை இல்லை.
சட்டைக்குள், காதுக்குள், காவலாளியின் தொப்பிக்குள்.
பேசினில் தண்ணீர் தெரியவில்லை.

முதலாளி வீட்டுக்குப் போன பிறகு கடையின் பின்கட்டு அடுப்பு.
வெறும் வாணலி.
சிறகு பொசுங்கி உதிர, மாதையன் தட்டில் வைத்துப் புடைத்தான்,
சுகியெம் ஊதினாள்.
அரிசிப் பொரிக்கு அவன் தேடினான், கிடைக்கவில்லை.
அவள் சின்ன வெங்காயமும் சில்லிப்பாடியும் நறுக்கிவிட்டாள்,
அதற்கும் ஒரு வாக்குவாதம்.

என் கையில் மருந்து வாசம்.
சோப்புக்கு அடங்காது, என் மனைவி சொல்லிச் சலித்துவிட்டாள்.
கரண்டி கேட்டேன்.
வேர்க்கடலைக்கும் உலர்ந்த இறாலுக்கும் நடுவே...
இல்லை. ஈசல் மாதிரி இருந்தது.
இன்னொரு கரண்டிக்கு நீட்டினேன்.
"போதும்ணே, பழகாத வயிறு" என்று
தட்டை இழுத்துக்கொண்டான்.

வியாழன் மழை.
ஈர மண்ணில் மருந்து நிற்காது, பாரத்திலேயே அச்சடித்திருக்கிறது.
ஒத்திவைப்பு, என்று எழுதினேன்.
அடுத்த வியாழனும் ஈரம்தான்,
கொஞ்சம் குனிந்து தேடினால்.
மூன்றாவது வியாழன் அப்படி ஒரு வெயில்.
துளை போட்டேன். ஐந்து லிட்டர். சிமெண்டு.

சாயங்காலம் கடைக்குப் பின்னால் போய்ச் சொன்னேன்.
மாதையன் மங்கு கழுவுவதை நிறுத்தவில்லை.
"சரிண்ணே. உங்க கம்பெனி
இன்னும் போகாத காண்டோ
பக்கத்துல எது?"